பூட்டாமல் விட்ட பக்கம்

ஓசூர்

அப்பாவுக்கு ஜெகதீஷ் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் அறையில் மூன்று பேர் காது கொடுக்கிறார்கள், அதனால்தான் கடிதம்.

வேலையில் ஒரு சிக்கல் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய கணினிக்குள் வாடிக்கையாளர்களின் கணினிகளை ஓட்டுகிறோம். அவற்றின் மெமரி, பெரிய கணினிக்கே புரியாதபடி பூட்டியிருக்கும். தகவல் அனுப்ப மட்டும் அதில் ஒரு சிறு பகுதியை, அதைப் 'பக்கம்' என்போம், திறந்து காட்டுவோம். வேலை முடிந்ததும் பூட்டிவிட வேண்டும். பூட்ட முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் ரகசியம் திறந்த பக்கத்தில் கிடந்தது. என்னோடு வேலை செய்யும் உத்தனப்பள்ளிக்காரன் தினேஷ்குமார்மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களோடு எப்போதும் கன்னடத்தில் குசுகுசுப்பான். மேனேஜருக்கு அவன் பெயரையே எழுதி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் தோண்டினேன். தவறு நான் எழுதிய நிரலில். பூட்டு விழுந்ததா என்று பார்க்காமலே பக்கத்தை மறுபடி உபயோகத்துக்கு விட்டிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன்.

தினேஷ் சிரித்தான். "பூட்டுச்சான்னு பாக்காம, ரெண்டு நாளா என்னையே பாத்துக்கிட்டு இருந்தியேப்பா!"

நான் எழுதிப் போட்டதில் அவன் வேலையே போயிருக்கும். கோபப்படாததுதான் சந்தேகமாக இருக்கிறது. நேற்று வீட்டிலிருந்து களியும் கீரையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். எதற்கென்று கேட்டேன். "மொதல்ல தின்னுப்பா" என்றான்.

அம்மாவைப் பருப்புப்பொடி இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். என் பெட்டிக்குப் பூட்டு கேட்டிருந்தேனே, அது வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெகதீஷ்