தையல் மெசினுக்கு ஒரு பித்தளைப் பூண்

கிளிநொச்சி

அன்புள்ள தவமணிக்கு,

உமது முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். டியூட்டரி வகுப்புகளும் குழப்பமில்லாமல் நடக்கின்றன.

பூணைப் புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொன்ன என்னால், மூன்று கிழமையாக உமது தையல் மெசின் சும்மா கிடக்கிறது. தண்டில் மாட்டும் அந்தப் பூண் வளையத்தைக் கடைய, பித்தளைக்கு ஏற்றபடி மேற்பக்கம் சரிவில்லாத கார்பைட் வெட்டுமுனையொன்றைத் தெரிந்தெடுத்து, பச்சைச் சாணைக்கல்லில் தீட்டினேன். சூடேறியதும், வெறும் உருக்கு முனைகளைத் தோய்க்கும் பழக்கத்தில் தண்ணீரில் தோய்த்தேன். முனை வெடித்துவிட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், பயப்படாதேயும்.

அதை விற்ற ஜமால்தீன் என் பழைய மாணவர். "சேர், இதுக்குத் தண்ணி காட்டப்படாது, தானா ஆற விடோணும். விரிவு சுருக்கம் எனக்குப் படிப்பிச்சதே நீங்கதானே?" என்று சிரித்தார்.

கார்பைட்டும் அதைத் தாங்கும் உருக்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தும் எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டாவது முனையை ஆறவிட்டு ஆறவிட்டுத் தீட்டினேன். என் சின்ன லேத்தில் பித்தளை கண்ணாடிபோல வந்தது.

அளவில் மட்டும் சந்தேகம். அதனால் துளையைச் சிறிதாகவே விட்டிருக்கிறேன். பூண் இருந்த தண்டில் நூலைப் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, வெட்டி அனுப்பும். அதன் நீளத்தைப் பத்தாலும் பையாலும் வகுத்து, தண்டின் விட்டத்தை நான் கண்டுகொள்வேன். நூலோடு இரண்டு வரியும் எழுதும்.

பூணைத் தபாலில் அனுப்பலாம்தான். ஆனாலும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று, நானே திருகோணமலைக்குக் கொண்டுவந்து பூட்ட யோசிக்கிறேன். வேண்டாம் என்று எழுதிவிடாதேயும்.

வகுப்புக்கு மணியாகிறது.

உமது,
கனகேந்திரன்