பெயர் எழுத வேண்டாத துண்டு

சின்ன காஞ்சிபுரம்,
கார்த்திகை 9

அன்புள்ள தம்பி கலியாணசுந்தரத்துக்கு,

அன்புள்ள என்று எழுதுவது பழக்கத்தால்தான். இங்கே மழை விட்டுவிட்டது. நம் பெண் சந்தியாவுக்கு வந்த வரன், துக்கம் நடந்த வீடு என்று தட்டிப்போயிற்று.

புனேயில் போன வருடம் எரிந்துபோன நைட் கிளப்பில் மிஞ்சிய பொருள்களை வருட நினைவு நாளில் காட்சிக்கு வைப்பதாக எழுதியிருந்தாய். செருப்புகள், கைப்பட்டைகள், ஒரு டிரம் குச்சி. என் மகன் யுவன் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புப் பட்டுத் துண்டையும் கேட்டாய். அனுப்பியிருக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் அவனுக்கு டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நீ. அந்தக் கிளப்பில் வாசிக்கச் சேர்த்துவிட்டவன் நீ. முகம் தெரியாமல் கருகிய உடல், அதன் அடியில் சிக்கி ஓரம் மட்டும் கருகிய துண்டு. மரபணு ஆய்வு முடிவு வரட்டும் என்று நான் கெஞ்சியபோது, "நம்ம பட்டுக்கடைத் துண்டு எனக்குத் தெரியாதாண்ணா" என்று கையெழுத்துப் போட்டு உடலை வாங்கியவனும் நீதான்.

உன் அண்ணி லோகாம்பாள் ஒரு வருடமாக அதைக் கைவிட்டதில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில்தான் எடுத்தேன். அதுவரை எனக்குத் துண்டின் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. காட்சியில் காஞ்சிபுரம் பட்டு என்று எழுதி வைப்பார்களே, யாரும் குறை சொல்லக்கூடாதே என்று, கடையில் செய்வதுபோல ஓர் இழையை உருவித் தீயில் காட்டினேன். பட்டென்றால் முடி கருகும் வாசனை வரும், நசுக்கினால் பொடியாகும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. இன்னோர் இழையும் அப்படியே. பாலியஸ்டர், தம்பி.

நான் யுவனுக்குக் கொடுத்தது பட்டு. யாரோ பெற்ற பிள்ளைக்குக் கொள்ளி வைத்து, திருமுக்கூடலில் சாம்பல் கரைத்திருக்கிறேன்.

அவன் உயிரோடிருப்பான் என்று நினைக்கவில்லை. அன்று மேடையிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. ஆனால் உன் அண்ணிக்குத் தெரிந்தால், அவள் நினைப்பாள். வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். அதனால் அதே சிவப்பில் வேறொரு பட்டுத் துண்டின் ஓரத்தை நானே கருக்கி, அவள் தலையணைக்கடியில் வைத்தேன். பட்டு லேசில் எரியவில்லை. அணைந்து அணைந்து போயிற்று. மறுநாள் அதை முகர்ந்தவள், "இப்பத்தாங்க நம்ம புள்ள வாசன வருது" என்றாள்.

ஒன்று கேட்கிறேன். உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. உனக்கு அனுப்பிய அந்தத் துண்டின் கீழே யுவன் பெயரை எழுத விடாதே. நாள் முழுவதும் அதன் பக்கத்திலேயே நில். எந்தத் தாயாவது அதைப் பார்த்து நகர மாட்டாமல் நின்றால், அவள் பிள்ளைக்கு எல்லாம் முறையாகச் செய்தோம் என்று சொல். பிறகு, அவர்கள் தங்கள் பிள்ளை என்று கொண்டுபோன பிள்ளையை எங்கே எரித்தார்கள் என்று மெதுவாகக் கேள்.

உன் பிள்ளைகளாவது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆதிகேசவன்