ரேகை வைக்கமாட்டேன்

மண்ணூர்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இது முழுக்க என் இடது கை எழுதியது. அம்மா எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். உன் நம்பர் கான்டிராக்டர் தளவாய்க்கு எப்படிப் போனது என்று தெரிகிற வரைக்கும் கேஸ் விஷயம் எதையும் நான் போனில் பேசுவதாக இல்லை. நான் கொடுக்கவில்லை, அம்மாவும் கொடுக்கவில்லையாம். யோசித்துப் பார்த்தால் அவன் மூலமாகக் கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது, அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் உன் நம்பரைத்தான் எழுதியிருந்தேன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் என் வலது கை போன அன்றைக்கு அந்த நம்பருக்கு ஒருவனும் பேசவில்லை. இப்போது பேசுகிறான்.

அவன் பேச்சைக் கேட்டுவிட்டு நீயும், அவன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் அப்பா, வருவதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்கிறாய். உன்மேல் கோபமில்லை, ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணாச்சி, வலது கைதான் இல்லியே, கையெழுத்துக்கு எதுக்குக் கஷ்டப்படுதிய, இடது கட்டைவிரல நீட்டுங்க, ஒரு ரேகை போதும், மத்தத நான் பாத்துக்கிடுதேன் என்று மைப்பெட்டியைத் திறந்தான். நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை, டீக்கடைப் பேப்பரைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றவன், அதனால் எதையும் முழுக்கப் படிக்காமல் விடுவதில்லை. நடுவில் ஒரு வரி, என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று. பெட்டியை மூடுய்யா என்றேன். கேட்டில் வாட்ச்மேன் வேலை போட்டுத் தருகிறேன் என்றான். இ.எஸ்.ஐ. கார்டையே கொடுக்காமல் நாளை நாளை என்று இழுத்தவன் வேலை தருவானாம். அவன் போனதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் என் பெயரை எழுத ஆரம்பித்தேன்.

என்னுடைய கவனக்குறைவு என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது ஆயுத பூஜையன்று நடந்ததை. மெஷினைக் கழுவித் துடைத்து அவனவன் மெஷினுக்கு அவனவனே பொட்டு வைப்பது அங்கே வழக்கம், நானும் என் பிரஸ்ஸுக்கு வைத்தேன். சபையில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அம்மா வருஷா வருஷம் முணுமுணுப்பாள். நமக்குச் சோறு போட்ட மெஷினுக்கு வேறொருத்தன் வந்து வைக்க விடுவேனா? அந்தச் சந்தனம் வழிந்து சென்சார் கண்ணாடியை மறைத்துவிட்டதாம். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் நிறுத்துவதுதான் சென்சாரின் வேலை. மறுநாள் ஓட்டியபோது மெஷின் நின்று நின்று போனது உண்மை. சென்சாரை நாங்கள் தொடக்கூடாது என்பதால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடச் சொன்னேன். சூப்பர்வைசர் வனமாமலை, லோடு போவணும் பெர்சு, சும்மா நொய் நொய்னுகினு என்று சொல்லி, பேனலைத் திறந்து, சென்சார் வேலை செய்யாதபடி குறுக்கே ஒரு ஒயரைப் போட்டான். சென்சார் செத்தது. ஓட்டு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் என் கை போய்விட்டது.

இப்போது நம் வக்கீல் சொல்கிறார், நீங்க கிறிஸ்டியன், பொட்டே வெக்கலன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணுங்க, கேஸ் முடிஞ்சுதுன்னு. அம்மாவுக்கும் இது பிடித்துப்போயிற்று, சபைக்கும் தெரியாமல் போய்விடும் அல்லவா. இந்த வக்கீலை எனக்குக் காட்டிவிட்டவன் கம்பெனி கேட் எதிரில் ஜூஸ் கடை வைத்திருப்பவன். அங்கே தினமும் உட்கார்ந்து ஜூஸ் குடிப்பது இதே தளவாய்தான்.

பக்கத்து மெஷின் கோதண்டம் இருக்கிறானே, என் கையைத் துண்டால் கட்டி ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவன், ஒயர் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனை இப்போது லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். புதன்கிழமை வந்தான், நான் டீ கூடக் கொடுக்கவில்லை. வாசலிலேயே நின்று, அண்ணே, ஒயர் மேட்டர நான் வந்து சொல்றேன், ஆனா பொட்டு யாரு வெச்சதுன்னு கேட்டா உன் பேர்தான் சொல்லுவேன், என்னாண்ட பொய் கேக்காத என்றான். தளவாய் அனுப்பி என்னைப் பயமுறுத்த வந்தானா, அவனாகவே வந்தானா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அனுப்பியே வந்திருக்கட்டும், அவன் சொன்னது நடந்ததுதானே. பொட்டு விஷயத்தில் நான் பொய் சொல்லி மாட்டினால் அவன் சொல்கிற ஒயரையும் யாரும் நம்பமாட்டார்கள். அதற்காகத்தான் எல்லோரும் சேர்ந்து என்னைப் பொய் சொல்ல வைக்கிறார்களோ என்றுகூடத் தோன்றுகிறது.

ஆகையால் மாதக் கடைசியில் விசாரணை நடக்கும்போது நானே முந்திக்கொண்டு சொல்லப்போகிறேன், பொட்டு வைத்தது நான்தான் என்று. கண்ணாடி மறைந்தால் மெஷின் நிற்க வேண்டும், நின்றது, அதை நிற்கவிடாமல் ஓட வைத்தவன் யார் என்று கேட்பேன். வக்கீலுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். சபையில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அம்மா என்னோடு பேசுவதில்லை, சட்டைப் பொத்தானை மட்டும் வந்து போட்டுவிட்டுப் போகிறாள்.

உன் பாஸ்போர்ட்டை நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கொடுத்து வைக்காதே, எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு பிரதி வாங்கு. டபுள் டூட்டி பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தளவாய் பேசினால் அப்பாவிடம் கேளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடு. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிக்கட்டும்.

கீழே இருப்பது என் புதுக் கையெழுத்து, நன்றாகப் பார்த்து வைத்துக்கொள். உன் அப்பா சம்மதித்துவிட்டார் என்று எவனாவது ஒரு கட்டைவிரல் ரேகையைக் காட்டினால், அது நான் தூங்கும்போது என் விரலைப் பிடித்து வைத்தது என்று தெரிந்துகொள். விழித்திருக்கிற வரைக்கும் நான் இப்படித்தான் போடுவேன்.

உன் அப்பா,
ம. சாம்சன்