பரண் மேல் ரவுட்டர்

மைசூர்,
திங்கட்கிழமை

அன்பு மகன் டேவிஸுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் கோபத்தில் இருப்பவளுக்கு நலம் என்ன வேண்டிக் கிடக்கிறது? வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் டப்ளினுக்குக் கிளம்பும் உன் சித்தி மகள் நிம்மியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை உங்கள் டப்ளின் கோயிலில் நம் லிசா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசையை டிவியில் நேரலையாகப் பார்க்க உன் அப்பா மத்தியானமே குளித்து, உன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ஷூவோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். டிவி பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தேன். வரிசையில் பேத்தி தெரிந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி. சாமியார் எதிரே அவள் வரும் நேரம் பார்த்துப் படம் நின்றது. நின்றால் என்ன? கொஞ்சம் பொறுத்தால் வந்திருக்கும். படம் நிற்கிறது என்று தெரியாத்தனமாக உனக்கு ஒரு செய்தி போட்டேன். நீ கோயிலில் உட்கார்ந்தபடியே போனில் எதையோ அழுத்தினாய். இங்கே நெட்டே போய்விட்டது. போனது போனதுதான்.

உன்னோடு ஹெப்பாள் கம்பெனியில் வேலை பார்த்த கவின்ராஜ், நீ அங்கிருந்தே போனில் ரவுட்டரை அணைத்துப் போட அந்த ஸ்மார்ட் பிளக்கை மாட்டிவிட்டுப் போனானே, அவன் நேற்று வந்து விளக்கினான். வழக்கமாக, அணைந்து தானே எரியும்படி அழுத்துவாயாம். அன்று அவசரத்தில் வெறுமனே அணைத்துவிட்டாயாம். அந்தப் பிளக்குக்கும் அதே ரவுட்டர் வழியாகத்தான் சேதி வரவேண்டுமாம். ரவுட்டரையே அணைத்த பிறகு, போடு போடு என்று நீ அங்கே அழுத்தினால் யார் காதில் விழும்?

நான் போட்டிருப்பேனே! அப்பா படுக்கப்போகும்போது கேஸோடு ரவுட்டரையும் அணைக்கிறார் என்று, எங்கள் கைக்கு எட்டாமல் அதைப் பரண் மேல் ஏற்றச் சொன்னது யார்? ஆஸ்பத்திரி வார்டில் காலமெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டர் திறந்து மூடியவள் நான். ஒரு சுவிட்சுக்கு என்னை நம்ப மாட்டாயா? எங்கள் வீட்டுக் கரண்டை டப்ளினிலிருந்து நிறுத்த உனக்கு யாரடா அதிகாரம் கொடுத்தது?

அப்பா கோட்டோடு ஸ்டூலில் ஏறப் பார்த்தார். அந்த மூட்டுவலியோடு! பிடித்து இறக்கினேன். வீட்டில்தான் நெட் இருக்கிறதே என்று எங்கள் போன்களில் பேச மட்டும்தான் ரீசார்ஜ். இருவரும் பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். கதவைத் திறந்த கௌரம்மா அப்பாவின் கோட்டைப் பார்த்து, ஏன்ரீ, கல்யாணத்துக்கா என்று கன்னடத்தில் கேட்டாள். அவள் போனைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் கடைசிப் பாட்டு வந்துவிட்டது.

பிறகு பூசையின் பதிவை அனுப்பியிருந்தாய். நேற்று கவின்ராஜ் நெட்டைப் போட்டதும் பார்த்தோம். அப்பா அதற்குக் கோட் போடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நெட் போனால் சாதாரண போனில் கூப்பிடுவாய். அம்மா, அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடு என்பாய். பச்சை விளக்கு வரும்வரை என்ன குழம்பு, அப்பா மாத்திரை போட்டாரா என்று கேட்டுக்கொண்டிருப்பாய். விளக்கு வந்த பிறகும் பேச்சு நீளும். இந்தப் பிளக் வந்ததிலிருந்து நெட் போவதும் தெரியவில்லை, வருவதும் தெரியவில்லை. உன் குரலும் இல்லை.

கவின்ராஜிடம் சொல்லி அதைக் கழற்றிவிட்டேன். ரவுட்டர் இப்போது மாதா சுரூபத்துக்குக் கீழே, என் கை எட்டும் இடத்தில் இருக்கிறது. பிளக்கையும் நிம்மியிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுமானால் உன் வீட்டில் மாட்டிக்கொள்.

லிசாவுக்கு ஜெபமாலை வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது எனக்காக அவள் நெற்றியில் சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். இனி நெட் போனால் நீ எதையும் அழுத்தவேண்டாம். என்னைக் கூப்பிடு, நான் அணைத்துப் போடுகிறேன். விளக்கு வரும்வரை லைனில் இரு.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா
சகாயமேரி