அத்தைக்கு, என் இடுப்பு நலமென்று

என் செல்லச் சண்டைக்கார அத்தைக்கு,

போன வாரம் உங்கள் வருஷத் திவசம் நல்லபடியாக முடிந்தது. வாழைக்காய்க் கறியில் உப்பு குறைவு என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். நீங்களாக இருந்தால் வாயே திறக்காமல் உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளியிருப்பீர்கள்.

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் ஜிம்முக்குப் போகிறேன். உழவர்கரையில் காலை நேரத்தில் பெண்களுக்கென்று தனியாக வைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தே பெருத்த இந்த நாற்பத்தெட்டு வயது உடம்பில் டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் பார்த்த பார்வை இருக்கிறதே! "பொண்ணு கட்டிக் குடுக்கற வயசுல உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டே விட்டார்.

எதற்கு என்று உங்களுக்குச் சொன்னால் போதும். பக்கவாதம் வந்த பிறகு மாமாவை நாற்காலியிலிருந்து எழுப்பியதெல்லாம் நீங்கள்தான். எங்களைக் கிட்டவே விடமாட்டீர்கள். கொத்தவரங்காய் மாதிரி இருந்துகொண்டு அந்த ஆகிருதியை எப்படித்தான் தூக்கினீர்கள்?

நீங்கள் போன பிறகு உங்கள் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவர் தூக்கினார். அவர் வேலைக்குப் போய்விட்டால் மாமா நாற்காலியோடுதான். ஒரு நாள் தானாக எழப் பார்த்துச் சரிந்தார். நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவர் நாற்காலிக்கு வந்துவிட்டார், என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு நான் படுக்கையில் விழுந்தேன்.

அன்றிலிருந்து மாமா என்னைத் தொடவிடவில்லை. "வேணாம்மா, அவன் வரட்டும்" என்று ஒரே பாட்டு. பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சிறுநீரில் கிருமி வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மருமகள் தோளில் கை போடக் கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்தேன். நம் வீட்டில் நான் அவர் எதிரே உட்கார்ந்தே பழக்கமில்லையே.

என் இடுப்பு வலி நின்றதும் டாக்டர் பிரஷரெல்லாம் பார்த்துவிட்டு, இனி உடம்பில் பலம் ஏற்றாமல் எதையும் தூக்காதே என்றார். அப்படித்தான் ஜெயந்தியிடம் போனேன். அவள்தான் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறவள். ஆரம்பத்தில் இரும்பைத் தொடவே விடவில்லை. நாற்காலியில் உட்கார், எழுந்திரு, சுவரைத் தள்ளு, துடைப்பக் கட்டையை முதுகில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனி. இதற்கா பணம் கட்டினோம் என்று எனக்கு எரிச்சல்.

பிறகு சின்ன எடைகள் வந்தன. பக்கத்தில் ஒருத்தி பெரிதாகத் தூக்குவதைப் பார்த்து நானும் பெரியதில் கை வைத்தேன். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க! ஜெயந்தி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"யக்கா, வீரம் காட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். தூக்கும்போது மூச்ச அடக்காதீங்க, வெளிய விடுங்க. சுருக்குனு வலிச்சா வச்சிடுங்க. நாளைக்கு வராதீங்க, உடம்பு ஓய்வெடுக்கட்டும்."

மாமா விஷயத்தைச் சொன்னதும் ஆளை எழுப்பும் விதத்தையும் காட்டினாள். தூக்கவே கூடாதாம், அவர் எழுந்திருக்க ஒத்தாசைதான் செய்ய வேண்டுமாம். நாற்காலி விளிம்புக்கு நகர்த்தி, பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்னால் சாய வைத்து, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாதங்கள் போய், உடம்பில் தெம்பு வந்த பிறகு மாமாவிடம் போய் நின்றேன். அப்போதும் வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்பிடிக் கூச்சப்பட்டா உங்க உடம்பு என்னாவும் மாமா?"

"கூச்சம் இல்லம்மா. உங்க அத்த என்னத் தூக்கித் தூக்கியே போய்ட்டா. நீயும் படுத்துட்ட. இன்னொருத்தியையும் நான் சாவடிக்கணுமா?"

அத்தை, இதை அவர் இத்தனை மாதம் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் உங்களுக்காக அழுதோம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்கு இருந்தது பழைய இருதய அடைப்பு, முன்னாலேயே நெஞ்சு வலி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பின மாதிரி தெரியவில்லை.

நான் சமையலறையிலிருந்து அரிசிச் சிப்பத்தைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். முதுகு வளையாமல் குனிந்து, மூச்சை விட்டபடியே தூக்கி மேஜைமேல் வைத்தேன். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத."

"உங்க புள்ள மேல சத்தியமா. நான் ஒண்ணும் உங்களத் தூக்கப் போறதில்ல. பாதி நீங்க, பாதி நான்."

மெதுவாக நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். என் தோளில் கை வைத்தார். அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். எழுந்து நின்றுவிட்டார் அத்தை!

பாத்ரூம் பக்கம் போகவில்லை. அப்படியே நின்று உங்கள் படத்தைப் பார்த்தார்.

"பாத்தியா? இவளுக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் பிடி தளரும் என்று அடக்கிக்கொண்டேன்.

நெஞ்சு வலித்ததை ஏன் அத்தை எங்களிடம் சொல்லவில்லை? மாமாவை யார் எழுப்புவார்கள் என்று பயந்தா? அவரை நான் எழுப்பிக்கொள்கிறேன். ஆனால் உங்களை மாதிரி இருக்கமாட்டேன். எனக்கு வலித்தால், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பேச்சை எப்போதும் கேட்காத மருமகள்,
மல்லிகா