எண்ணாமல் விட்ட கை

அன்பு மகள் உர்சினாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், கூரைமேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு முழப் பனியும் சுகம். மொண்டிவிடியோவில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்த கையோடு உன் அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் திணித்தாள். இடுப்பு அறுவைக்குப் பிறகு அவள் நடை பரவாயில்லை, ஆனால் கைத்தடியை இன்னும் விட முடியவில்லை. வாரம் மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கணும், இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கிற ஊர் நீச்சல் குளத்துக்குத் தவறாமல் போகிறாள். நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் குளத்தைப் பற்றித்தான்.

போன வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். இந்த வருஷம் ஊர்க் கணக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஊர்த் தலைவர் அந்திரி என்ன சொன்னானென்றால், ஊர் வரியை நூற்றுக்கு ஐந்து குறைப்போம், தீயணைப்பு வண்டிக்குக் கொட்டகை போட்ட கடனை ஒரேயடியாக அடைப்போம், அதற்குத் தோதாக ஒழுகுகிற குளத்தைப் பழுது பார்க்காமல் மூடிவிடுவோம். பள்ளிக்கூட டீச்சர் எதிர்த் தீர்மானம் கொண்டு வந்தாள், வரி இருந்தபடி இருக்கட்டும், கடனைத் தவணையிலேயே கட்டுவோம், மிச்சத்தைக் குளத்தில் போடுவோம் என்று. குளத்திலே காசைப் போட்டால் முழுகித்தான் போகும் என்று பின்னால் யாரோ சொல்ல ஒரே சிரிப்பு. உன் அப்பன் எந்தக் கட்சி என்று உனக்குத் தெரியும். குழாய் வேலைக்காரன் தூரியும் நானும் மூன்று வருஷமாக மதுவிடுதியின் மூலை மேசையைக் குத்திக் குத்தி வரியைக் குறை, கடனை அடை என்று பேசியதில் அந்த மேசைக்கே கால் ஆடுகிறது. அந்திரியின் தீர்மானத்தில் பாதி நான் எழுதிக் கொடுத்தது, பிழை திருத்தியது மட்டும்தான் அவன். குளத்தை மூடுவதை அவனாகச் சேர்த்தான், நானும் அதைக் கவனிக்காதவன் போல இருந்துவிட்டேன். அம்மா வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. அன்று கூட்டத்துக்குக் கிளம்புமுன் பார்லி சூப் ஊற்றும்போது மட்டும், கீழே பட்டணத்துக் குளத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகணுமாம், வரியிலே மிஞ்சுற காசில எனக்கு ஒரு கழுதை வாங்கிக் குடுங்க, ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, ஜோடியா இருக்கட்டும் என்றாள்.

கூட்டத்தில் கை எண்ண மூன்று பேரைப் போட்டார்கள், முன்வரிசைகளுக்கு நான். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பென்சில், முகத்தில் மந்திரி மாதிரி ஒரு தோரணை. எண்ணி முடித்துப் பார்த்தால் வரிக் குறைப்புக்கு எழுபத்தொன்று, குளத்துக்கு எழுபத்தொன்று. சமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு, அந்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அப்போது எழுத்தர் அம்மாள், இருங்க, வாசலில் நூற்று நாற்பத்து மூணு பேருக்கு டிக் போட்டேன், ஒரு கை குறையுதே என்றாள். யாராவது தூக்காமல் இருந்தீர்களா என்று கேட்டால் ஆளாளுக்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். தூரிதான் கத்தினான், டேய் கொன்ராடு, ஊரார் கையெல்லாம் எண்ணினியே, உன் கையை எங்கேடா வச்சே என்று. மகளே, நான் தூக்கவே இல்லை! இரண்டு கையிலும் சாமான், எப்படித் தூக்குவேன். கூடமே குலுங்கிச் சிரித்தது. திரும்ப எண்ண வேண்டாம், இவன் ஒருத்தன் சொல்லிட்டாப் போதும் என்று அந்திரி சொன்னான், இவன் எந்தப் பக்கம் என்று எனக்குத்தான் தெரியுமே என்கிற மாதிரி தைரியமாகச் சிரித்துக்கொண்டு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், மூன்று வருஷமாகக் கேட்டது கிடைத்துவிடும், வீட்டில் அந்திரி மேல் பழியைப் போட்டுவிடலாம். அம்மா பக்கம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைத்தடி நாற்காலிக்கு அடியில் உருண்டுவிட்டிருந்தது, குனிய முடியாமல் பூட்ஸ் நுனியால் அதைக் கிட்டே இழுத்துக்கொண்டிருந்தாள், ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டு. அட்டையைக் கீழே வைத்தேன். குளம் இருக்கட்டும் என்று கையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு கிடைத்த வசவை எழுதினால் தபால் செலவு கட்டாது. மூணு வருஷமா நான் வாங்கிக் குடுத்த பீர் போதாம டீச்சர்கிட்ட லஞ்சம் வாங்கினியாடா, இல்லை பெண்டாட்டிக்குப் பயமா என்று தூரி கேட்டான், இரண்டும்தான் என்றேன். கடன் விஷயத்தில் என் எண்ணம் இப்போதும் மாறவில்லை, கடன் கடன்தான், உன் தலைமுறையின் தலையில்தான் விடியும், நீ கெட்டிக்காரி, கடல் தாண்டிவிட்டாய். அந்திரியும் லேசுப்பட்டவன் இல்லை, இரண்டு வருஷத்தில் குளத்துக்கு வருகிற ஆள் கூடாவிட்டால் மூடுவோம் என்று உடனே ஒரு நிபந்தனை போட்டு அதையும் நிறைவேற்றிக்கொண்டான். அதனால் கை தூக்கிய பாவத்துக்கு நானே இறங்க வேண்டியதாயிற்று. அறுபத்து நான்கு வயசில் ஆறு வயசுப் பிள்ளைகளோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கிறேன். அம்மா என் மோவாயைத் தாங்கிப் பிடித்து, வரிதான் கட்டியாச்சே, தண்ணியைக் குடிக்காம நீந்துங்க என்கிறாள். நேற்று கம்பியை விட்டுத் திரும்பிப் பார்த்தேன், எதிர்ச் சுவரிலிருந்து என் பக்கம் அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள், தடி இல்லாமல், கையை வீசிக்கொண்டு, நாங்கள் பழக ஆரம்பித்த காலத்தில் நடந்த மாதிரி. மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு. கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், அம்மாவின் முத்தமும் இதோடு வருகிறது. ஈஸ்டருக்கு வரும்போது மறக்காமல் உன் நீச்சல் உடையைக் கொண்டு வா, வாசலில் தலை எண்ணுகிறார்கள், விருந்தாளித் தலையும் கணக்கில் சேருமாம்.

இப்படிக்கு
உன் அப்பா கொன்ராட்
(கட்சி மாறி என்று சேர்த்துப் போடச் சொல்லித் தூரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், போட்டுவிட்டேன்.)