உங்கள் பேரில் இருந்த குறட்டை

அன்புள்ள மச்சான்,

வருகிற ஆவணியில் திருச்சுழியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். முதல் நாளே மண்டபத்துக்குப் போய்ப் படுத்துத் தூங்கப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

முப்பது வருடமாக ஒரு கல்யாண வீட்டிலாவது நான் கண்ணயர்ந்திருக்கிறேனா? பொம்பளை குறட்டை விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். வெங்காயம் உரிக்கிறேன், பூக் கட்டுகிறேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் கவலையில்லை. காலையில் நீங்களே முந்திக்கொண்டு, "எங் கொறட்டையில ஒருத்தரும் தூங்கியிருக்க மாட்டீக" என்பீர்கள். நம் ஊர் மல்லாங்கிணறே உங்களைக் கேலி செய்தது. நீங்களும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் வீட்டில் குறட்டை நிற்கவில்லையே! காரியத்துக்குத் தங்கிய உங்கள் அக்காவிடம்தான் முதலில் மாட்டினேன். "அடிப்பாவி, இத்தன வருசமா என் தம்பியவா கேலி பண்ணுனோம்?" என்று மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பகலிலும் தூக்கம் அள்ளிக்கொண்டு போனது. ஒரு நாள் நம் மகள் மீனாவைப் பின்னால் வைத்து அருப்புக்கோட்டைக்கு வண்டி ஓட்டும்போது கண் செருகிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில்தான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி கருவேலங்காட்டு ஓரமாகப் போய் நின்றது. மறுநாளே என்னை மதுரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருகிறதாம். மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தும் மிஷின் கொடுத்தார்கள். அழுத்தம் தாங்காமல் கழற்றி வைத்தேன். பிறகு, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் செட்டு. குறட்டை குறைந்தது, நிற்கவில்லை. அதையும் டப்பாவில் போட்டு மூடினேன். மீனாவுக்குக் கோபம்.

"ஒன்னு சரியில்லைனு இன்னொன்னுக்கு ஏம்மா தாவுற? ரெண்டையும் சேத்துப் போடலாமான்னு டாக்டர்ட்ட கேட்டியா?"

கேட்டோம். இரண்டையும் மாட்டிப் படுக்க வைத்து மறுபடி சோதித்தார்கள். தாடை முன்னால் வந்ததால் மிஷினின் காற்றைக் குறைக்க முடிந்தது. என்னாலும் தாங்க முடிந்தது. "மல்லாக்கப் படுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுங்க. அதுவும் சேந்தாத்தான் வைத்தியம்" என்றார் டாக்டர். மச்சான், அங்கேயே அழுதுவிட்டேன். இத்தனை வருடம் என் தோளைத் தொட்டுத் திருப்பிப் படுக்க வைத்தது யார்? அதற்காக நீங்கள் எவ்வளவு தூக்கத்தைத் தொலைத்தீர்கள்?

உங்கள் பனியன் ஒன்றின் முதுகில் பை தைத்து, ரப்பர் பந்து வைத்திருக்கிறேன். மல்லாந்தால் அது குத்தித் திருப்பிவிடுகிறது. உங்கள் கை இவ்வளவு முரடு இல்லை.

இப்போது பகலில் கண் சொக்குவதில்லை. டாக்டர் சரி என்ற பிறகு மீனாவும் மறுபடி என் வண்டியில் ஏறுகிறாள்.

மிஷின், பல் செட்டு, பனியன் மூன்றையும் கல்யாணத்துக்கு எடுத்துப் போகிறேன். யாராவது கேட்டால், "இது எங் கொறட்டைக்கு. எங்க வீட்டுக்காரவுக ஒரு நாளும் கொறட்டை விட்டதில்ல" என்று மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
செல்வி